மருதாணி ஏறாத மூன்று மில்லிமீட்டர்

"ஐயோ... கை! சாம்பலுக்குள்ள ஒரு கை!"

எஹலியகொட பக்கத்து ரப்பர் தோட்டம். ரப்பர் ஷீட்டைப் புகை போட்டுக் காய வைக்கும் பழைய கட்டடம், பூட்டிக் கிடந்தது. தோட்டத்துக்கு எருவாகச் சாம்பல் அள்ள வந்த தங்கம்மா மண்வெட்டியை எறிந்துவிட்டு ஓடினாள்.

கருவாடாய்க் காய்ந்த பெண் பிணம். முகம் அடையாளமில்லை. கழுத்தில், இரண்டு மாதமாய்க் காணாமல் போயிருந்த துஷ்யந்தியின் தாலி!

நாலாம் நாள் காலை, பொலிஸ் நிலையம்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல சேர்!" துஷ்யந்தியின் புருஷன் யோகராஜ் மேசையைத் தட்டினான். "அவ தங்கச்சி கல்யாணத்தன்னைக்கு அந்த த்ரீவீல்காரன் ரொபர்ட்தான் இவள ஏத்திட்டுப் போனான். அன்னைக்கே கொன்னுட்டான்! அவன தூக்குல போடுங்க!"

அந்தக் கல்யாணம் முடிந்து இரண்டு மாதம். "பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விட்டேன், அவ்வளவுதான்" என்று ரொபர்ட் கதறியதை யாரும் நம்பவில்லை. யோகராஜின் முறைப்பாட்டில் மறுநாளே ரிமாண்ட். இன்னும் உள்ளேதான். இப்போது கொலைக் கேஸ் வேறு... ஆயுள் முழுக்க உள்ளேதான்!

இன்ஸ்பெக்டர் ஸாஜித் ஒரு போட்டோவை நகர்த்தினார். பிணத்தின் விரல்கள்.

"கல்யாணத்துக்கு முதல் நாள் லயத்து வீடுகள்ல எல்லாப் பொம்பளைங்களும் மருதாணி வச்சாங்களா?"

"வச்சாங்க. இவளும் பத்து விரல்லயும் அப்பிக்கிட்டா. அதுக்கென்ன இப்ப?"

"தோல்ல வச்சது ரெண்டு வாரத்துல போயிரும். நகத்துல வச்சது போகாது. நகம் அடியிலருந்து வளரும்... சிவப்ப நுனிக்குத் தள்ளும். பாரு! தோலை ஒட்டி சிவப்பே இல்ல. மூணு மில்லிமீட்டர். ஒரு மாச வளர்ச்சி!"

யோகராஜ் இளித்தான்.

"செத்த பொறகும் நகம் வளரும் சேர். எங்கப்பன் பொணத்துலயே பாத்தேன்."

"மண்ணாங்கட்டி! தோல் காய்ஞ்சு பின்னால இழுக்கும். நகம் நீண்ட மாதிரி தெரியும். அதையும் கழிச்சுட்டுத்தான், பொணத்த அறுத்துப் பாத்த டொக்டர் பஸீஹா மூணுங்கிறாங்க."

யோகராஜ் போட்டோவைத் தள்ளிவிட்டான்.

"அப்ப... ஒரு மாசம் உயிரோட ஒளிச்சு வச்சிருந்து கொன்னிருக்கான், நாய்!"

"எங்கருந்து? ரிமாண்ட்லருந்தா?"

ஸாஜித் யோகராஜின் பழைய முறைப்பாட்டை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"நீதானே அவன மறுநாளே உள்ள தள்ளுன? அவனுக்கு உன்னை விட நல்ல சாட்சி யாருடா? அன்னைக்கு முழுக்க நீ கல்யாண வீட்டுலதான் நின்னேன்னு வீடியோ காட்டுது, ஆனா அது உன்னை அந்த ஒரு நாளைக்குத்தான் காப்பாத்தும். ஒரு மாசம் கழிச்சு எங்க இருந்த?"

நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வந்தா சேர்!" யோகராஜ் கத்தினான். "அவன வெளிய எடுக்கறதுக்காகத் திரும்பி வந்தா! 'நானாத்தான் போனேன், பொலிஸ்ல போய் சொல்றேன்'னு என் மூஞ்சிக்கு நேரா சொன்னா... விட்டுருவேனா?"

ஸாஜித் நிதானமாக விலங்கை மாட்டினார்.

"இனி உனக்கு ஒரே வேலைதான். உன் நகம் மாசம் மூணு மில்லிமீட்டர் வளருதான்னு உள்ள உக்காந்து அளந்து பாரு... இருபது வருஷத்துக்கு!"