ஆமைத்திட்டுக் கோபுரத்தின் வயது

பகல் பன்னிரண்டு மணிக்குள் ஆமைத்திட்டுக் கலங்கரை விளக்கத்தின் வயதைக் கண்டுபிடித்தாக வேண்டும்! நூறு ஆண்டுப் பழமைக்குச் சான்று கிடைத்தால் இடிப்பை நிறுத்துவதாக, அதை இடிக்க வந்திருக்கும் பொறியாளர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் இயந்திரம் வேலையைத் தொடங்கிவிடும்.

நஸ்ரீன் பரபரவென்று படகில் ஏறினாள். வினையை இழுத்துவிட்டவளே அவள்தான். பழைய கட்டடங்களின் கணக்கெடுப்பு வேலைக்கு வந்தவள், போன மாதம் கரையில் நின்றபடியே படிவத்தில் 'வயது தெரியவில்லை' என்று எழுதிவிட்டுப் போய்விட்டாள். அதை வைத்தே இடிக்க உத்தரவாகிவிட்டது. அதை நினைத்தாலே இப்போது வெட்கமாக இருந்தது.

மீனவர் ஏகாம்பரம் கழி ஊன்றினார். அவர் தங்கை தேவானை முன்னால் உட்கார்ந்து ஆழம் பார்த்தாள். பழவேற்காடு ஏரி வெயிலில் மின்னியது.

"விளக்குதான் எரியறதில்லையே அண்ணே, அப்புறம் எதுக்கு உங்களுக்கு அது?" என்று கேட்டாள் நஸ்ரீன்.

"மணல்மேடு வருசா வருசம் எடம் மாறுதும்மா. அந்தக் கோபுரத்தை வச்சுத்தான் முகத்துவாரம் எங்க கீதுன்னு புடிக்கிறோம். அது போச்சுன்னா மணல்ல மோதிக் கவுற வேண்டியதுதான்."

திட்டுக்கு அரை மைல் முன்பே படகு தரைதட்டியது. மூவரும் குதித்து, முழங்கால் சேற்றில் தள்ளிக்கொண்டே போனார்கள். துருப்பிடித்த கதவை ஏகாம்பரம் தோளால் இடித்துத் திறந்தார். உள்ளே வௌவால் எச்சத்தின் நெடி மூக்கைத் துளைத்தது.

கல்வெட்டு இருக்குமா? பித்தளைத் தகடு? சுவரைத் தடவித் தடவி உச்சிவரை ஏறினார்கள். ஒன்றுமே இல்லை. மணி பதினொன்றரை.

இறங்கி வாசலைத் தாண்டும்போது நஸ்ரீனின் கால் வழுக்கியது. வெளிச்சுவரைப் பற்றினாள். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு காரைப்பாளம் பெயர்ந்து அவள் கையோடு வந்துவிட்டது.

"போச்சு. நானே இடிக்க ஆரம்பிச்சிட்டேன்," என்றாள் அழுகையாக. ஆனால் கண் அந்தப் பாளத்தை விட்டு நகரவில்லை. உடைந்த ஓரத்தில் வெளிர்நீலம், மஞ்சள், ரோஜா, பச்சை என மெல்லிய கோடுகள் அடுக்கடுக்காக ஓடின.

"இது என்ன தேவானை?"

"சுண்ணாம்புதான். வருசா வருசம் வலை போடுற எடத்தைச் சீட்டுப் போட்டுப் பிரிப்போம். மொதல் சீட்டு யாருக்கு வுழுதோ, அந்த வூட்டுக்காரங்க கோபுரத்துக்கு வெளிய ஒரு பூச்சு அடிக்கணும். அவங்க படகு நெறத்தை அதுல கொஞ்சம் கலந்துக்குவாங்க."

"பழைய பூச்சைச் சுரண்ட மாட்டீங்களா?"

"அடுத்தவங்க முறை செஞ்சதை நாங்க ஏன் சுரண்டணும்?"

நஸ்ரீன் பாளத்தை வெயிலுக்கு நேராகப் பிடித்தாள். வருடத்துக்கு ஒரு கோடு! ஊக்கு முனையால் எண்ணினாள். நூற்றுப் பதினேழு.

சேற்றுக்கு அப்பால், இடிக்கும் இயந்திரத்தை ஏற்றிய படகு உறுமி நின்றது. பொறியாளர் சேற்றில் நடந்து வந்து சேர்ந்தார்.

"ஆவணம் எங்கம்மா?"

அவள் பாளத்தை நீட்டி விவரம் சொன்னாள். நம்பாத முகத்தோடு எண்ணத் தொடங்கியவர், அறுபதில் தடுமாறி மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

"நூற்றுப் பதினாறுதானே வருது?"

"மேல ஒட்டியிருக்கிற வெள்ளையையும் சேத்துக்கோங்க சார். அது இந்த வருசத்து என் பூச்சு," என்றார் ஏகாம்பரம்.

பொறியாளர் சிரித்துவிட்டார். இயந்திரத்தை இறக்காமலே படகைத் திருப்பிக்கொண்டு போனார்.

மூவரும் கரை திரும்பியபோது ஊராரின் விசிலும் கைத்தட்டலும் காதைப் பிளந்தன. நேரில் போய்ப் பார்க்காமல் இனி ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று நஸ்ரீன் முடிவு செய்துகொண்டாள்.

"அடுத்த சீட்டுல உன் பேரும் உண்டு. இன்னா நெறம் கலப்பே?" என்று கேட்டாள் தேவானை.

படகே இல்லாத நஸ்ரீன், அதையே யோசித்துக்கொண்டு வெகுநேரம் கரையில் நின்றாள்.