ஊர்ப்பட்ட வாத்துகள்

அந்த வீடியோ விளையாட்டில் கெட்டவன் என்று யாரும் கிடையாது. ஒரு வாத்து, நிறையப் பழங்கள், அவ்வளவுதான். ஆனால் வாத்து ஒரு பழத்தைத் தின்றதும் இன்னொரு வாத்து முளைக்கும். நாம் போன வழியிலேயே போகும். நாம் குதித்த இடத்தில் குதிக்கும். அதன்மேல் மோதினால் ஆட்டம் முடிந்தது.

அண்ணனுக்கு வீட்டில் ‘ராக்கெட்’ என்று பெயர். தங்கைக்கு ‘நத்தை’. அவள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டு காய்ந்த பிறகுதான் எழுந்திருப்பாள்.

ஜன்னலோர அடுக்குக் கட்டிலில் மேல்கட்டில் யாருக்கு என்று இருவருக்கும் ஓயாத சண்டை. அங்கே படுத்தால் தெருமுனை வரை தெரியும். அம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அந்த வாத்து விளையாட்டுல யாரு கடைசிப் பழத்தை எடுக்கறீங்களோ, அவங்களுக்கு மேல்கட்டில். ஆளுக்கு ஒரு ஆட்டம். அப்புறம் சத்தமே கேக்கக் கூடாது!"

முதலில் ராக்கெட். அங்கே ஓடினான், இங்கே பாய்ந்தான். கொஞ்ச நேரத்தில் திரை முழுக்க வாத்துகள்.

"எங்கேர்ந்துடி வருதுங்க இதெல்லாம்?"

"எல்லாம் நீ போன வழிதான்."

தன் வினை தன்னைச் சுடும் என்பார்கள். இங்கே அது வாத்தாகவே வந்தது. ஒரே ஒரு பழம்தான் பாக்கி. ராக்கெட் மூலையில் மாட்டிக்கொண்டான். எங்கே ஓடினோம், எங்கே குதித்தோம் என்று அவனுக்கே ஞாபகமில்லை. கண் கலங்கியது.

நத்தைக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. தன் முறைக்காகக் காத்திருந்தவள் வேறு என்ன செய்வாள்? வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், அவன் மோதிவிடுவான். அடுத்தது அவள் ஆட்டம். மேல்கட்டிலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அண்ணன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை.

"நில்லுண்ணா. இப்ப அது குதிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"திரும்பறதுக்கு முன்னாடி நீ எப்பவும் ஒரு குதி குதிப்ப. சாப்பிடக் கூப்பிட்டாலும் அப்படித்தான் வருவ."

வாத்து குதித்தது.

"இப்ப அதுக்குக் கீழே போ!"

போனான். பழம் கிடைத்தது.

ராக்கெட் கத்தவில்லை. அந்த வீட்டில் அது அதிசயம். அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"யாரு ஜெயிச்சது?"

"பழத்தை எடுத்தது நான். வழி சொன்னது இவ," என்றான் ராக்கெட். பிறகு தங்கையின் தலையணையை எடுத்து மேல்கட்டிலில் வீசினான்.

"சீக்கிரம் ஏறு நத்தை. பின்னாடி ஊர்ப்பட்ட நத்தை வரப்போகுது!"

நத்தை சிரித்துக்கொண்டே, ஒவ்வொரு படியாக, தன் பாட்டுக்கு ஏறினாள்.