மெட்டு கேட்டதும் படியிறங்குகிறவர்கள்

"தள்ளுங்க, தள்ளுங்க... வண்டி போயிடும்."

யாவென் திரும்புவதற்குள் மழையும் ஒரு குடையும் ஒரு நீல வாளியும் சேர்ந்து அவள் மேல் சாய்ந்தன. வாளியிலிருந்து ஒரு முட்டைக்கோஸ் இலை தாவி அவளுடைய வெள்ளைச் சட்டையின் தோளில் உட்கார்ந்தது.

"சாரி, சாரி... பார்க்கலை."

கோபமாகத்தான் நிமிர்ந்தாள். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மழையில் இமைகள் நனைந்து ஒட்டிக்கொள்ள, ஒருவன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். கொஞ்சம் மாறுகண்ணோ... இல்லை, கண்ணாடி இல்லாத தடுமாற்றம்.

"இன்னும் கொஞ்ச நேரத்துல நான் மேடையில பேசணும். இந்தக் கோலத்துல போனா காய்கறிக்காரின்னு நினைப்பாங்க."

"முட்டைக்கோஸோட போச்சே. நேத்து வந்திருந்தீங்கன்னா மீன் தலை."

சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அதற்குள் குப்பை வண்டி தன் பியானோ மெட்டோடு வளைவில் திரும்பியது. தைவானின் துறைமுக ஊரான கீலுங்கில் குப்பையைத் தெருவில் வைக்கக் கூடாது. வண்டி வரும்போது கையில்தான் கொடுக்க வேண்டும். மலைப்படிகளில் இருந்து கிழவர்களும் கிழவிகளும் பைகளோடு இறங்கி வந்தார்கள். ஒருவரை ஒருவர் கேலி செய்தபடி, யார் வீட்டு மருமகள் என்ன சமைத்தாள் என்று வாளியை எட்டிப் பார்த்தபடி... அவன் அந்தக் கூட்டத்துக்குள் ஓடி மறைந்தான்.

பேட்டை மன்றத்தின் பின்னறையில் அவனை மறுபடி பார்த்தபோது யாவெனுக்கு நெஞ்சு ஒரு துள்ளு துள்ளியது. எரிச்சல்தான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள்.

பல்கலைக்கழகத்து ஆட்கள் தங்கள் ஆய்வை அக்கம்பக்கத்து மக்களுக்கு விளக்கும் மாலை அது. அவன் பெயர் ஜுன்ஹோங். ஈரச் சுவருள்ள வீடுகளில் ஆஸ்துமா ஏன் கூடுகிறது என்று ஆராய்கிறவன். போன மாதம்தான் கீலுங்குக்குக் குடிவந்தானாம்; கொண்டுபோனது வீட்டுக்கார அம்மாவின் குப்பையாம்.

யாவெனின் ஆய்வு வேறு. இந்த மலையில் வாழும் முதியவர்களில் பாதிக்கு மேல் நாள் முழுக்க யாரோடும் பேசுவதில்லை என்று அவள் கண்டிருந்தாள். பேச்சில்லாத நாட்கள் இரத்த அழுத்தத்தை ஏற்றும், தூக்கத்தைக் கெடுக்கும். அந்த ஆய்வு சரியென்று நிலைத்தால் பல்கலைக்கழகம் அவளை வைத்துக்கொள்ளும். இல்லையென்றால் சீனப் புத்தாண்டுக்கு முன்பே அவள் மேசையைக் காலி செய்ய வேண்டியதுதான்.

பேச்சுக்காக அவள் வைத்திருந்த வரைபடத் தாள்களை அவன் புரட்டிப் பார்த்தான். பார்த்தவன் ஒரு பக்கத்தில் விரலை வைத்தான்.

"டீச்சர்... கணக்கெடுக்க உங்க மாணவர்கள் எந்த நேரத்துல போய்க் கதவைத் தட்டினாங்க?"

"சாயங்காலம். எல்லாரும் வீட்டுல இருக்கிற நேரமாப் பார்த்து."

"நாம இடிச்சுக்கிட்ட நேரமா?"

அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்த நொடியே புரிந்துவிட்டது, அதுதான் கொடுமை. மெட்டு கேட்டதும் நடக்க முடிந்தவர்கள் எல்லாரும் கீழே போய்விடுகிறார்கள். அரட்டை அடிக்கிறவர்களின் கதவு பூட்டிக் கிடக்கிறது. தட்டினால் திறக்கிறவர்கள் யார்? படியிறங்க முடியாதவர்கள், இறங்க மனமில்லாதவர்கள். அவர்களை மட்டும் கேட்டுவிட்டு, மலையே தனிமையில் வாடுகிறது என்று அவள் எழுதியிருக்கிறாள்.

"உங்க இருமலை நீங்க பாருங்க," என்றாள். "என் ஆய்வை நான் பார்த்துக்கறேன்."

அவன் தாள்களை அடுக்கி அவளிடமே நீட்டினான். அந்தப் பணிவு இன்னும் எரிந்தது...

மேடையேறினாள். ஒலிவாங்கியை இடமாற்றினாள், தண்ணீரைக் குடித்தாள். எதிரே உட்கார்ந்திருந்தவர்கள் அத்தனை பேரும் சற்றுமுன் வண்டியைச் சுற்றி நின்றவர்கள். பாதிப் பேர் யாரோடும் பேசுவதில்லை என்றதும் கூடம் குலுங்கிச் சிரித்தது.

"ஏம்மா பொண்ணே," பக்கத்தில் இருந்தவளைக் காட்டியபடி லியாவ் அத்தை எழுந்தாள். ஜுன்ஹோங் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரி அவள்தான். "இவ ஒரு நாள் வாயை மூடினா நான் கோயிலுக்குப் பன்றித் தலை படைக்கிறேன்."

"உன் வாய் மட்டும் என்னவாம்," என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

யாவென் கடைசி வரிசையைப் பார்த்தாள். ஜுன்ஹோங் சிரிக்கவில்லை. அவளுக்காக அவன் பதறிக்கொண்டிருப்பது அங்கிருந்தே தெரிந்தது. எல்லாருக்கும் முன்னால் கேட்டிருக்கலாம். தனியாகக் கேட்டான்...

"நான் தப்பு பண்ணிட்டேன்," என்றாள். "நீங்க குப்பை வண்டிக்குப் போன நேரத்துல உங்க கதவைத் தட்டியிருக்கோம். துறைமுகத்துல படகெல்லாம் கடலுக்குப் போனப்புறம் கரையில நிக்கிற ரெண்டு படகைப் பார்த்துட்டு, இந்த ஊர்ப் படகு எல்லாமே ஓட்டைன்னு சொன்ன மாதிரி. ஆனா கதவைத் திறந்தவங்க சொன்னது பொய் இல்லை. அவங்க இன்னிக்கும் இங்க வரலை. பாருங்க, உங்கள்ல யாராவது, இறங்க முடியாத இன்னொருத்தர் குப்பையையும் சேர்த்துக் கொண்டுவர்றீங்களா?"

சிரிப்பு நின்றது. மெல்ல மெல்லக் கைகள் உயர்ந்தன.

அன்றிரவு அவள் துறையின் பேராசிரியர் போனில் ரொம்ப நேரம் பேசினார். முடிவில், "கணக்கைத் திரும்ப எடு. சரியா வரலைன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாது" என்றார்.

மறு ஞாயிறு காலை, படிக்கட்டின் அடியில் ஜுன்ஹோங் குடையோடு நின்றிருந்தான்.

"நான் கூப்பிடலையே."

"சுவர் ஈரத்தை அளக்க எனக்கும் உள்ள போகணும். ஒரே தட்டுல ரெண்டு வேலை."

ஞாயிறுகள் போயின. மழை விடவில்லை, அவள் மனமும் ஒரு நிலையில் இல்லை. கணக்கு எப்படி வருமோ, வேலை இருக்குமோ... அதைவிட, கடைசிக் கதவு முடிந்ததும் இவன் என்ன காரணம் சொல்லி வருவான்?

கடைசிக் கதவும் வந்தது. தட்டினார்கள். உள்ளே எங்கோ தூரத்தில் ஊன்றுகோல் ஒருமுறை தட்டியது. பிறகு நீண்ட இடைவெளி. மறுபடி ஒரு தட்டு.

"அன்னிக்கு ஏன் என்கிட்ட தனியா கேட்டீங்க?" என்றாள், கதவைப் பார்த்தபடியே.

"எல்லார் முன்னாடியும் கேட்டா நீங்க என்னைப் பார்க்கவே மாட்டீங்கன்னு பயம்."

"பார்க்காட்டி என்ன?"

"அதைத்தான் இத்தனை ஞாயித்துக்கிழமையா யோசிக்கிறேன்... பதில் வரலை."

ஊன்றுகோல் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம்தான். அவள் சொல்லாமல் விட்டால் இனி எந்தப் படியில் நின்று சொல்வாள்?

"வேலை போனாலும் போகட்டும். உங்களை விட்டுட்டுப் போக எனக்கு இஷ்டமில்லை," என்றாள். "எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, ஜுன்ஹோங்."

அவன் குடை தாழ்ந்தது. மழை இருவர் முகத்திலும் விழுந்தது.

தாழ்ப்பாள் விலகியது. எலும்பும் தோலுமாய் ஒரு முதியவர், பல்லில்லாத வாய் நிறையச் சிரித்தபடி நின்றார்.

"அந்தப் பக்கம் பேசுறதெல்லாம் இந்தப் பக்கம் நல்லாவே கேக்குது. நீ அவளுக்குப் பதில் சொல்லுப்பா, அப்புறம் நான் உங்க கேள்விக்குச் சொல்றேன்."

"எனக்கும்தான், தாத்தா," என்றான் ஜுன்ஹோங்.

"என்கிட்ட ஏன்டா சொல்றே?"

அவன் அவள் பக்கம் திரும்பினான்.