இரண்டாம் தலைவரின் கோபம்

இந்தக் கோபம் என்னுடையதா, அவருடையதா?

சன்னல் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்தபடி மங்கையர்க்கரசி அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தாள். வெளியே செவ்வாய்க் கோளின் காலை துரு நிறத்தில் மெல்ல வெளுத்துக்கொண்டிருந்தது. தேர்தலில் தோற்ற கசப்பு இன்னும் ஆறவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல், பதவியேற்பு தொடங்குமுன் முதல் வண்டியில் ஏறிப் போய்விட வேண்டும் என்று கால் பரபரத்தது. அதுவும் பழகிய பரபரப்புதான். இருட்டில் குதிரைகள் கனைத்தது, சக்கரம் கல்லில் ஏறி இறங்கியது எல்லாம் நினைவிருந்தது. அவளோ குதிரையைக் கண்ணால் கண்டதில்லை.

ஜான் ஆடம்ஸ் கண்டிருந்தார். அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவர். தேர்தலில் தோற்று, வென்றவர் பதவியேற்கும் நாளன்று விடியுமுன்பே தலைநகரைவிட்டு வண்டியேறியவர்.

மருதம் குடியிருப்பை அமைத்த முதல் தலைமுறை, ஆள்வதற்கு ஒருவருடைய சொந்த வாழ்வு மட்டும் போதாது என்று நினைத்தது. அதனால் தேர்தலில் வென்றவர் வாழ்வேற்றியில் படுப்பார். பழைய மனிதர் ஒருவர் விட்டுச்சென்ற கடிதங்களையும் நாட்குறிப்புகளையும் கொண்டு அந்தப் பொறி அவருடைய வாழ்வை நெய்து கொடுக்கும். சில மணி நேரத் தூக்கத்தில் அதைத் தொட்டிலிலிருந்து கடைசி மூச்சுவரை வாழ்ந்துவிட்டு எழுவார். யாருடைய வாழ்வு என்பதைப் பதவி விலகுபவர் சொல்வார். மங்கைக்கு முன்பிருந்த தலைவர் அவளுக்கு ஆடம்ஸைச் சொன்னார். "ரெண்டு பேரும் பிடிவாதக்காரங்க, ஒத்துப்போகும்" என்றாராம்.

ஒத்துத்தான் போனது. கூட்டத்தைச் சுட்ட பிரிட்டிஷ் சிப்பாய்களுக்காக, பாஸ்டன் நகரமே கொதித்துக்கொண்டிருந்தபோது, வழக்காட எழுந்து நின்ற இளம் வக்கீல் அவர். விடுதலைத் தீர்மானத்துக்காகப் பேசிப் பேசி மற்றவர்களின் தயக்கத்தைக் கரைத்தவர். கடல் கடந்து தூதராக அலைந்த ஆண்டுகளில் மனைவியின் கடிதங்கள்தான் அவருக்கு வீடு. விடுதலை ஆண்டில், புதிய சட்டங்களில் பெண்களை மறந்துவிடாதீர்கள் என்று அந்த அம்மாள் எழுதியபோது மட்டும் சிரித்து ஒதுக்கினார். அந்த இடம் வந்தபோது மங்கை தூக்கத்திலேயே பல்லைக் கடித்ததாக மருத்துவர் பிறகு சொன்னார்.

கர்வி, முன்கோபி. ஆனால் சொந்தக் கட்சியே பிரான்சோடு போருக்குத் துடித்தபோது தூதர்களை அனுப்பிச் சமாதானம் செய்தார். தோற்றதற்கு அதுவும் ஒரு காரணம். தன் கல்லறையில் அந்தச் சமாதானத்தை எழுதினால் போதும் என்று முதுமையில் விரும்பினார். அவரைப்போல ஒரு மனிதரை மங்கை தன் சொந்த வாழ்வில் சந்தித்ததில்லை.

அவளும் பக்கத்துக் கரும்பாறைக் குடியிருப்போடு போர் வேண்டாம் என்று, தண்ணீர் தரும் பனிக்கிணறுகளைப் பங்கிட்டுக்கொண்டாள். அவளும் தோற்றாள்.

சபைச் செயலர் இருளப்பன் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். கையில் தேர்வுப்பலகை. அதில் அவள் விரலை வைத்து ஒரு பெயரைச் சொன்னால் அடுத்த அறையில் பொறி ஓடத் தொடங்கும்.

"செங்கோடன் வந்து படுத்தாச்சும்மா. மண்டையில ஒட்ட வேண்டியதெல்லாம் ஒட்டியாச்சு. நீங்க பேர் சொல்லணும்."

"யாரைச் சொல்லலாம்ணே?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? ஆடம்ஸையே சொல்லுங்க." அவர் குரலைத் தாழ்த்தினார். "செங்கோடன் கிணறு பூரா நமக்குத்தான்னு சொல்லி ஜெயிச்சவன். நாளைக்கே எல்லைக்குப் படைய அனுப்புவான். ஆடம்ஸா வாழ்ந்துட்டு எந்திரிச்சான்னா அனுப்ப மனசு வராது. நீங்க பண்ணின சமாதானம் நிக்கும். யாரும் ஒரு வார்த்தை தப்பு சொல்ல முடியாது, எல்லாம் வழக்கப்படிதானே."

அவள் அடுத்த அறையின் கதவைப் பார்த்தாள்.

"என் பையன் எல்லைக் காவல்லதாம்மா இருக்கான்" என்றார்.

அவள் அடுத்த அறைக்கு நடந்தாள். அவர் பலகையோடு பின்னால் வந்தார்.

செங்கோடன் நெற்றியெல்லாம் ஒட்டுவில்லைகளோடு மல்லாந்து கிடந்தான். ஒரு காலத்தில் இருவரும் சேர்ந்துதான் குடியிருப்பின் முதல் நீரேற்று நிலையத்தைக் கட்டினார்கள். தேர்தல் வந்ததிலிருந்து பேச்சில்லை.

"என்ன மங்கை, யார எனக்குள்ள குடிவைக்கப் போற? சமைக்கத் தெரிஞ்ச ஆளாப் பாத்து வை. என் பொண்டாட்டி சந்தோசப்படுவா."

"போர்தான் வேணுமா உனக்கு?"

"கிணறு வேணும். ஊரு அதுக்குத்தான் ஓட்டுப் போட்டுச்சு. தப்புன்னா சபையில வந்து என்கூடச் சண்ட போடு. முன்னல்லாம் நல்லாத்தானே போடுவ." சிரித்தான். சிரிப்பு அடங்குமுன்பே கண் கூரைக்குப் போனது. "ஏ மங்கை, எந்திரிக்கும்போது நான் இருப்பேனா?"

அந்தக் கேள்வி அவளுக்குள்ளும் இருந்தது. சமாதான ஒப்பந்தத்தில் விரல் பதித்தது நானா, அவரா? ஊர் போன தடவை ஓட்டுப் போட்டது மங்கையர்க்கரசிக்கு. எழுந்து வந்தது யார்?

ஆடம்ஸின் வாழ்வில் அவள் திரும்பிப் பார்க்கக் கூசும் இடம் ஒன்று உண்டு. அரசைத் தூற்றி எழுதுபவர்களைச் சிறையில் தள்ளும் சட்டம். அவர் கேட்டு வந்ததல்ல அது, கொண்டுவந்தவர்கள் வேறு. ஆனால் மேசைக்கு வந்தபோது கையெழுத்திட்டார். பொறி நெய்த நினைவில் பேனா காகிதத்தில் ஓடும் ஒலிகூட இருந்தது. அந்த நேரத்தில் மனதில் உறுத்தல் எதுவும் இல்லை, நாட்டைக் காப்பாற்றிவிட்ட நிம்மதிதான். இப்போது இந்தப் பலகையைப் பார்க்கையில் அவளுக்குள் ஊறிவருவதும் அதே நிம்மதி. சிறை இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த ஆடம்ஸ்தான், தன்னைத் தோற்கடித்தவரோடு பல ஆண்டுகள் கழித்துக் கடிதங்களில் வாதாடி மறுபடி நண்பரானார். நாட்டின் ஐம்பதாவது பிறந்த நாளில், ஒரே நாளில் இருவரும் இறந்தார்கள். அந்த வாதத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். செங்கோடனும் ஆடம்ஸாக எழுந்தால் எதிரே நின்று வாதாட யார் இருப்பார்?

"அண்ணே, விதியில என்ன எழுதியிருக்கு? வாழ்வேற்ற வேண்டும்னா, ஏற்றலாம்னா?"

இருளப்பன் யோசித்தார். "ஏற்றலாம்னுதான் இருக்கு. ஆனா இதுவரைக்கும் யாரும் ஏத்தாம விட்டதில்லையே."

அதைக் கவனித்த வக்கீல் கண் ஆடம்ஸுடையது. அவள் அதை மறுக்கவில்லை.

"என் பையன்மா" என்றார் மறுபடி.

"தெரியும்ணே. நான் ஊரைவிட்டுப் போகல. இன்னைக்குப் பதவியேற்புக்கு வருவேன், நாளையிலேருந்து சபையில கடைசி வரிசையில உக்காருவேன். படைன்னு இவன் வாயைத் தெறந்தா நானும் தெறப்பேன்."

"அது போதுமா?"

"போதாம போகலாம்."

அவர் பலகையை இன்னொரு முறை நீட்டினார். "பேர மட்டும் சொல்லுங்கம்மா."

உள்ளே எழுந்த சொல்லை அவள் நிறுத்தி, இது யாருடையது என்று கேட்டுப் பார்த்தாள். ஆடம்ஸ் அன்று மறுக்காமல் கையெழுத்திட்டவர். அப்படியென்றால் இது அவருடையதாக இருக்க முடியாது.

"வேண்டாம்ணே" என்று பலகையை அவர் பக்கமே மெதுவாகத் தள்ளிவிட்டு, செங்கோடனின் நெற்றியிலிருந்து முதல் ஒட்டுவில்லையை உரித்தாள்.