ஆளில்லாத மேல்தளம்

காலை இட்லியை மேசையிலேயே முடித்துவிட்டு ஜெசிந்தா திரையில் தன் கப்பல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தூத்துக்குடி கட்டுப்பாட்டு நிலையத்தில் அவள் கரைமாலுமி. மன்னார் வளைகுடாவில் ஓடும் ஒன்பது தானோடிச் சரக்குக் கப்பல்கள் அவள் பொறுப்பு. மின்கலத்தில் ஓடும் அவை தாமாகவே வழி பார்த்து, எதிரே எது வந்தாலும் தாமாகவே விலகிக்கொள்ளும். பல நாட்களில் அவளுக்கு வேலையே இருக்காது.

அன்று ‘வெண்ணாரை’ திடீரென்று வேகம் குறைத்தது. நீரில் மனிதர் என்று திரையில் சிவப்பு எழுத்துகள் வந்தன. கேமராவைத் திருப்பினாள். கவிழ்ந்த வள்ளம் ஒன்று தெரிந்தது. சற்றுத் தள்ளி ஒருவர் பிளாஸ்டிக் கேனைக் கட்டிப்பிடித்தபடி அலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்.

கடலோரக் காவல் படையை அழைத்தாள். காற்று பலமாக இருப்பதால் படகு வந்துசேர ஒரு மணி நேரமாவது ஆகும் என்றார்கள். அவள் கப்பலை அவர் அருகே கொண்டுபோய், காற்றை மறைத்து நிறுத்தினாள்.

“மேல யாரு? கயிறு போடுங்கய்யா!” கப்பலின் ஒலிவாங்கி வழியே அவர் குரல் கேட்டது.

ஜெசிந்தா பின்னால் நின்ற மேலாளர் சந்திரமோகனைப் பார்த்தாள். “சார், ஏணி ஏதாவது இறக்க முடியுமா?”

“ஆளில்லாத கப்பலுக்கு ஏணி ஏதும்மா? மிதவை, உயிர்ப்படகு எல்லாத்தையும் ஆளுங்களோட சேர்த்தே எடுத்தாச்சு.” சொல்லும்போதே அவர் குரல் இறங்கிவிட்டது.

அவள் ஒலிபெருக்கியைத் திறந்தாள். “அண்ணே, நான் தூத்துக்குடியில இருந்து பேசுதேன். கப்பல்ல யாரும் இல்ல. படகு வந்துட்டு இருக்கு, கேனை விட்டுராதீங்க.”

அவர் வெகுநேரம் அண்ணாந்து பார்த்தார். மூன்று மாடி உயரத்துக்கு வழவழப்பான இரும்புச் சுவர். ஒரு கையால் அதைத் தடவிப் பார்த்தார், பிடிக்க ஒன்றுமில்லை.

“யாருமே இல்லியா தாயி?”

“நான் இருக்கேண்ணே. உங்க பேரு என்ன?”

“கஸ்பார். மணப்பாடு.”

மணப்பாட்டில் தன் சித்தி வீடு இருப்பதைச் சொன்னாள். தெருவைக் கேட்டார், சொன்னாள். மகள் நர்சிங் படிப்பதாகச் சொன்னார். பிறகு பதில்கள் சுருங்கின. கை மரத்துவிட்டது என்றார். “பேசிட்டே இரு தாயி,” என்றார். அவள் பேசினாள். கேன் தனியாக மிதந்துபோவதைக் கண்ட பிறகும் பேசிக்கொண்டே இருந்தாள். சந்திரமோகன்தான் வந்து ஒலிபெருக்கியை அணைத்தார்.

மறுநாள் மருத்துவமனைப் பிணவறை வாசலில் கஸ்பாரின் மனைவி லூர்தம்மாள் ஜெசிந்தாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கப்பல் அவரு பக்கத்துலயே நின்னுச்சாமே?”

“ஆமாக்கா.”

“தெருவளவு பெரிய கப்பல்னு சொல்லுதாங்க. அதுல கைநீட்ட ஒரு ஆளு வைக்க இடமில்லியா?”

லூர்தம்மாள் பதிலுக்காக ஜெசிந்தாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.