நாற்பது படங்களுக்கும் அதே சொற்கள்

படம் எடுப்பதற்காக அழுகவிட்ட ஆரஞ்சைத் தூக்கி எறிந்து மூன்று நாளாகியும் அதன் நாற்றம் மட்டும் வீட்டைவிட்டுப் போவதாக இல்லை. மேசையைச் சோப்புப் போட்டுக் கழுவியாயிற்று, அதன் பின்னால் தொங்கவிட்ட வெள்ளைத் துணியை இரண்டு தடவை துவைத்தாயிற்று, ஜன்னல்களை விரியத் திறந்து வைத்தாயிற்று. ஆனாலும் மத்தியான வெயில் அறைக்குள் வந்து விழும் நேரத்தில், இனிப்பும் புளிப்புமாக, ஈரச் சாக்கும் கெட்ட பாலும் கலந்தாற்போல ஒரு வாடை எங்கிருந்தோ கிளம்பி மூக்குக்குள் போய் ஒட்டிக்கொண்டது. அவனுடையது எதற்கும் அசையாத மூக்கு. அதற்கே குமட்டியது.

அவன் தொழில் அப்படி. படம் எடுத்து இணையதளம் ஒன்றில் போட்டு வைப்பான். பத்திரிகைக்காரர்கள், விளம்பரக்காரர்கள், பூச்சிமருந்துக் கம்பெனிக்காரர்கள் என்று யாருக்கு வேண்டுமோ அவர்கள் தேடி எடுத்து வாங்கிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் சிரிக்கும் குடும்பம், கைகுலுக்கும் ஆபீஸ்காரர்கள், ஆவி பறக்கும் காப்பி என்று அழகழகாக எடுத்துத் தள்ளினான். ஒருவரும் சீந்தவில்லை. ஒருநாள், அடைத்துக்கொண்ட குளியலறைச் சாக்கடைத் துவாரத்தைச் சும்மா எடுத்துப் போட்டான். அது பிய்த்துக்கொண்டு போயிற்று. அன்றிலிருந்து பூஞ்சணம் பிடித்த ரொட்டி, கரப்பான் ஏறிய தட்டு, ஈ மொய்த்த இறைச்சி. ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில், மூடி போட்ட டப்பாக்களில், அவை பக்குவமாக அழுகிக்கொண்டிருக்கும்.

"மாப்பிள்ளை என்ன பண்றார்னு யாராவது கேட்டா என்னன்னு சொல்றது? அழுகின ரொட்டிக்கு மேக்கப் போடறார்னா?" என்று மாமனார் ஒருமுறை கேட்டார். அவன் மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் சிரித்ததால் அவனுக்கும் கோபம் வரவில்லை.

போனில் மணி ஒலித்தது. படம் விற்றால் வரும் சின்ன மணி.

எடுத்துப் பார்த்தான். விற்றது ஆரஞ்சு இல்லை, மனைவியின் கை. போன ஞாயிறு ஆரஞ்சை எடுத்து முடித்ததும், விளக்குகள்தான் எரிந்துகொண்டிருக்கின்றனவே என்று வீட்டு மனுஷர்களையும் அதே வெள்ளைத் துணிக்கு முன்னால் நிறுத்தி எடுத்திருந்தான். அதில் ஒன்று இது. கழுவிய ஆப்பிளை நீட்டும் ஒரு பெண்ணின் கை, அவ்வளவுதான். அந்த மாதிரிக் கை அந்தத் தளத்தில் லட்சக்கணக்கில் கிடக்கிறது. வாங்கியவர் எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார் என்று தளம் காட்டும். புழு என்று காட்டியது.

முதலில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. பிறகுதான் விளங்கியது. ஒவ்வொரு படத்துக்கும் அடியில் குறிச்சொற்கள் எழுதவேண்டும். அவை இல்லாவிட்டால் தேடுகிறவர் கண்ணில் படமே படாது. அன்றைக்கு இருந்த அலுப்பில், ஆரஞ்சுக்கு எழுதியதையே நகலெடுத்து அன்று எடுத்த நாற்பது படங்களுக்கும் மொத்தமாக ஒட்டிவிட்டிருந்தான். அழுகல், பூஞ்சணம், சீழ், புழு, துர்நாற்றம். மனைவியின் கைக்கும் அதே. ஆடுகிற முன்பல்லைக் காட்டிக்கொண்டு பால் தம்ளரோடு நிற்கும் மகளுக்கும் அதே.

திருத்தத்தான் போனான். ஆனால் விற்கிறதே. விற்கிற படத்தில் எவனாவது கைவைப்பானா? புழுவைத் தேடியவர் சுத்தமான கையை எதற்கு வாங்கினார் என்றுகூட அவன் யோசிக்கவில்லை. அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணினியை மூடினான்.

மறுநாள் மத்தியானம் மனைவி ஆப்பிளை நறுக்கித் தட்டில் கொண்டுவந்தாள். தட்டைப் பிடித்திருந்த கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு பொட்டு, சாம்பலும் பச்சையுமாக, மெத்தென்று ரோமம் முளைத்தாற்போல. அந்த நிறம் அவனுக்கு அத்துப்படி. ஆரஞ்சுக்கு நாலாம் நாள் வந்த நிறம் அது.

"நகத்துல என்ன?"

"எந்த நகம்?"

"கட்டைவிரல்ல. பச்சையா."

அவள் விரலை வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒண்ணும் இல்லையே. நாள் பூரா அந்த அசிங்கத்தையே உத்துப் பார்த்தா அப்படித்தான் தெரியும்."

அதே விரலால் ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவள் மெல்லும் சத்தம் அவன் காதுக்குள் சதசதவென்று கேட்டது. போனில் மணி ஒலித்தது. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பொட்டு நகத்தைத் தாண்டி, கணுவைத் தாண்டி, மணிக்கட்டுவரை ஏறியது. ஏறிய இடமெல்லாம் தோல் நீர்கோத்துத் தளர்ந்தது. வாடை கிளம்பியது. ஆரஞ்சின் வாடை.

"முகமெல்லாம் வேர்த்திருக்கே. காய்ச்சலா?"

அவன் நெற்றியில் கையை வைத்தாள். சில்லென்று, வழவழவென்று இருந்தது. அவள் கையை எடுத்தபோது ஏதோ கொஞ்சம் நெற்றியிலேயே தங்கிவிட்டது. பத்து வருஷமாக அவனுக்குக் காய்ச்சல் பார்த்த கை. அதைக் கண்டு இப்படி அருவருக்கிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் அருவருத்தான். வாயைப் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினான்.

திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டு கணினியைத் திறந்தான். கைப் படத்தை நீக்கினான். நீங்கிற்று. கூடவே ஒரு வரி வந்தது: விற்ற பிரதிகள் வாங்கியவர்களுக்கே உரியவை. எழுந்து போய்க் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தான். மனைவி ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீரில் அவள் சுண்டுவிரலின் தோல் உறைபோல உருவி வந்து சாக்கடைத் துவாரத்தில் சுருண்டது. அவள் பாட்டை நிறுத்தவில்லை.

விற்றது விற்றதுதான். விற்காததைக் காப்பாற்றலாம். மகள் இன்னும் விற்கவில்லை.

முப்பத்தோராவது படம். பால் தம்ளர். பல். சிரிப்பு.

நீக்கு என்பதை அழுத்தினான்.

இந்தப் படம் வாங்குபவர் ஒருவரின் கூடையில் உள்ளது. சற்றுப் பொறுத்து முயலவும்.

மறுபடி அழுத்தினான். அதே வரி. சொற்களையாவது அழிப்போம். அழுகலை அழித்தான். பூஞ்சணத்தை அழித்தான். சீழை அழித்தான். பக்கம் ஒருமுறை மின்னியது. மூன்றும் பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டன. மேசையெல்லாம் வியர்வை. தெருவில் பள்ளிக்கூட வேன் நின்ற சத்தம். வாசல் கதவு திறந்தது. செருப்பை உதறும் சத்தம்.

"கை கழுவிட்டு உள்ள போ, குட்டி," என்றாள் மனைவி.

மீண்டும் அழுத்தினான். கூடையில் உள்ளது. மீண்டும். கூடையில். யார் நீ? எதற்கு உனக்கு என் பிள்ளை? மீண்டும்.

மணி ஒலித்தது.

அவன் போனைப் பார்க்கவில்லை. அறைக் கதவு கிறீச்சிட்டது. பை தரையில் விழுந்தது. சின்னக் காலடிகள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றன. ஆரஞ்சு வாடை.

"அப்பா."

திரும்பினான். மகள். அதே கன்னம், அதே பின்னல். ஒன்றும் ஆகவில்லை. ஒன்றுமே ஆகவில்லை. அப்படியே அள்ளி மடியில் வைத்துக்கொண்டான். அழுகை வந்தது.

"பல்லு விழுந்துருச்சா கண்ணு?"

"இல்லப்பா. ஆடிட்டே இருக்கு."

"ஆட்டாத. தானா விழும்."

"நான் ஆட்டலப்பா," என்றாள் மகள். "உள்ளேர்ந்து தள்ளுது."

படத்தில் நின்றாற்போலவே அவன் முகத்தருகே வந்து வாயை அகலத் திறந்து காட்டினாள். முன்பல் டப்பா மூடிபோல மெல்லத் தூக்கிக்கொண்டது. அடியிலிருந்து வெள்ளையாக ஒன்று தலையை நீட்டியது, வெளிச்சம் பட்டதும் உள்ளே இழுத்துக்கொண்டது.

போனில் மணி ஒலித்தது. இன்னொரு முறை ஒலித்தது. மகள் வாயை மூடவில்லை. மற்றப் பற்களும் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின.