பதினொன்றரை மணி பேஷன்ட்!

டெலிபோன் அலறியது.

காலை மணி பதினொன்று பத்து.

வரவேற்பு மேஜையில் இருந்தவள் இரண்டாவது மணியிலேயே ரிசீவரை எடுத்தாள். மூன்றாவது மணி அடிப்பதற்குள் எடுத்தாக வேண்டும். அது டாக்டரம்மாவின் புதுச் சட்டம்.

"வணக்கம், கண் கிளினிக்..."

"பேசாதீங்க! நான் சொல்றதை மட்டும் கேளுங்க!"

பெண் குரல். கிசுகிசுப்பு. மூச்சு இரைத்தது.

"பதினொன்றரை மணி பேஷன்ட்டுக்கு ஊசி போட்டுடாதீங்க... போட்டா செத்துடுவார்! 'பதினொன்றரையோட கதை முடிஞ்சுது'ன்னு சொல்லிட்டுத்தான் அவன் கிளம்பினான்... என்னை ரூம்ல வச்சுப் பூட்டிட்டான்..."

"யாரும்மா நீங்க? யாருக்கு ஊசி?"

"கூட வந்திருக்கிறவனை நம்பா..."

டொக்!

திரும்பக் கூப்பிட்டாள். ஸ்விட்ச் ஆஃப். அந்த நம்பரைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். எந்த பேஷன்ட்டின் நம்பரும் இல்லை.

அவள் பதினொரு வருஷமாக டோக்கன் கூப்பிட்டுக் கூப்பிட்டே 'டோக்கன் அக்கா' ஆகிவிட்டவள். உண்மைப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கிறது. வாய் கொஞ்சம் நீளம்.

அந்த வாய்க்குத்தான் இரண்டு மாதமாகப் பூட்டு!

விழித்திரை வைத்தியத்தில் டாக்டரம்மா கெட்டிக்காரி. கிளினிக் நடத்துவதில் சுத்த அப்பாவி. யாரோ பேச்சைக் கேட்டு 'ஸ்பெஷலிஸ்ட் டாக்டர்களுக்கான நிர்வாகப் பயிற்சி' வகுப்புக்குப் போனார். ஒரு நீல ஃபைலோடு திரும்பினார். வந்தது வினை.

பேஷன்ட்டிடம் ஒரு நிமிஷத்துக்கு மேல் பேசாதே. வந்தவுடன் கண்ணில் சொட்டு மருந்து விடு. மருந்து வேலை செய்கிற நேரத்தில் கூட வந்தவரே ஃபாரத்தை நிரப்பட்டும். அதில் இருப்பதை டாக்டர் மறுபடி கேட்டு நேரத்தை வீணாக்காதே. வாசல் கண்ணாடிக் கதவைப் பூட்டித் திறக்க வரவேற்பு மேஜையில் ஸ்விட்ச் வை. எல்லாவற்றுக்கும் மேலாக, டாக்டர் நாற்காலி ஒரு நொடிகூடக் காலியாக இருக்கக் கூடாது!

டோக்கன் அக்காவின் பழைய பழக்கம் ஒன்றுக்கும் தடை விழுந்தது. "இனிமே அந்தப் பொய்யைச் சொன்னீங்கன்னா வேலையை விட்டு நின்னுக்கலாம்" என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார். என்ன பொய் என்பதைப் பிறகு சொல்கிறேன். இப்போது மணி பதினொன்று பன்னிரண்டு!

டோக்கன் அக்கா டாக்டர் அறைக்கு ஓடினாள்.

விஷயத்தைக் கேட்ட டாக்டரம்மா கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"பதினொன்றரைக்கு அந்தத் தையல்காரர். அவருக்கு ஏது ஊசி? கண்ணாடிப் பவர் பாக்கத்தானே வந்திருக்கார்!"

"அப்போ அந்தப் பொண்ணு சொன்னது...?"

"யாரோ வேலையத்தவங்க விளையாடறாங்க. இருந்தாலும்..." டாக்டரம்மா உதட்டைக் கடித்தார். "என் கையால ஒரு உயிர் போச்சுன்னா நான் மறுபடி ஸ்டெதாஸ்கோப்பைத் தொட முடியாது. போலீசுக்குச் சொல்லிடுங்க. தையல்காரரை வெளியவே உக்கார வைங்க. கூட யார் வந்திருக்காங்கன்னு பாருங்க."

போலீசுக்குப் பேசினாள். "அரை மணி நேரம் ஆகும்" என்றார்கள்.

ஹாலில் ஐந்தாறு பேர். தையல்காரர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி.

டோக்கன் அக்கா குனிந்து கேட்டாள். "ஏம்மா... வீட்டுல ஏதாவது சண்டையா?"

"சண்டை இல்லாத வீடு எதும்மா? ஏன், உங்க வீட்டுல கிடையாதா?"

"இல்ல... உங்க வீட்டுக்காரர் மேல கோவம் ஏதாவது..."

"இருக்கு. முப்பது வருஷமா இருக்கு. அதுக்கு இங்க மருந்து இருக்கா?"

தையல்காரர் சிரித்தார். டோக்கன் அக்காவுக்குச் சிரிப்பு வரவில்லை.

'அவன்' என்றல்லவா சொன்னாள் அந்தப் பெண்? இங்கே கூட வந்திருப்பது பொம்பளை. ஊசியும் இல்லை. எங்கேயோ இடிக்கிறதே!

"சிஸ்டர்..."

திரும்பினாள். முகத்தில் மாஸ்க், கக்கத்தில் ஃபைல். கட்டடக் காண்ட்ராக்டரின் மாப்பிள்ளை. மாமனாரைக் கைத்தாங்கலாகக் கூட்டி வந்து, சொட்டு மருந்து விட்டதும் ஃபாரத்தை நிரப்பிக் கையெழுத்தும் வாங்கித் தந்தவர். குழைந்து குழைந்து பேசுவார்.

"தையல்காரரை நிறுத்தி வச்சிருக்கீங்க போல. டாக்டர் நாற்காலி காலியா இருக்கக் கூடாது இல்லையா? எங்க மாமாவை முன்னாடி அனுப்பிடலாமே!"

அட, இந்த ஆளும் டாக்டரம்மா மாதிரியே பேசுகிறாரே என்று நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க நேரமில்லை. நர்ஸ் வந்து காண்ட்ராக்டரின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய்விட்டாள்.

கடிகாரம் பதினொன்றரை காட்டியது.

"பரவாயில்ல சிஸ்டர்," மாப்பிள்ளை அப்பாயிண்ட்மென்ட் கார்டை மேஜை மேல் வைத்தார். "சொன்ன நேரத்துக்கு டாண்ணு கூப்பிட்டுட்டீங்க. இப்படி ஒரு கிளினிக்கை நான் பாத்ததே இல்ல. பாராட்டணும்!"

டோக்கன் அக்கா கார்டைப் பார்த்தாள்.

அவள் கையெழுத்து. 11.30.

கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தாள். காண்ட்ராக்டர்... 12.00.

மறுபடி கார்டைப் பார்த்தாள்.

அந்தப் பொய் இதுதான். எந்த பேஷன்ட்டும் சொன்ன நேரத்துக்கு வருவதில்லை. அதனால் பன்னிரண்டுக்குப் பார்க்க வேண்டியவருக்குப் பதினொன்றரை என்று கார்டில் எழுதிக் கொடுப்பாள். தையல்காரரின் கார்டில் பதினொன்று இருக்கும். டாக்டரம்மா தடை போட்ட பிறகும் அவள் அந்தப் பழக்கத்தை விடவில்லை. ஒருத்தருக்கும் தெரியாது.

அந்தப் பெண் சொன்ன பதினொன்றரை, கார்டில் இருக்கும் பதினொன்றரை!

காண்ட்ராக்டருக்குத்தான் இன்று ஊசி. விழித்திரையைப் படம் எடுப்பதற்காகக் கை நரம்பில் போடுகிற மஞ்சள் மருந்து. அதை டாக்டரம்மா தன் கையாலேயே போடுவார்.

சொன்னால் வேலை போகும். மகளுக்குப் பரீட்சை, வீட்டில் வேறு சம்பாத்தியம் கிடையாது. எல்லாம் அரை நொடியில் மனதில் ஓடியது.

சொல்லாவிட்டால் ஒரு மனுஷனே போய்விடுவார்!

"ஒரு நிமிஷம் சார்" என்று மாப்பிள்ளையிடம் சிரித்தாள். நாலு எட்டு நிதானமாக நடந்தாள். திருப்பத்தில் ஓடினாள்.

ஊசி அறைக் கதவு படாரென்று திறந்தது.

காண்ட்ராக்டரின் கையில் ரப்பர் பட்டை. தோலைத் தொட்டுக்கொண்டு ஊசி முனை...

"டாக்டர்! நிறுத்துங்க!"

"என்ன இது? வெளிய போங்க!"

"பொய் சொல்லிட்டேன் டாக்டர்! கார்டுல இன்னமும் அரை மணி முன்னாடிதான் எழுதிட்டிருக்கேன். என்னை வேலையை விட்டுத் தூக்கிடுங்க. ஆனா அந்த ஊசியை மட்டும் எடுங்க. பதினொன்றரை மணி பேஷன்ட் இவர்தான்!"

டாக்டரம்மாவின் கை அப்படியே நின்றது. மெதுவாக ஊசியை விலக்கினார்.

"ஐயா... இந்த மஞ்சள் ஊசி உங்களுக்கு முன்னாடி போட்டிருக்காங்களா?"

"மஞ்சளா?" காண்ட்ராக்டர் திடுக்கிட்டார். "ரெண்டு வருஷம் முன்னாடி வேற ஒரு இடத்துல போட்டு, மூஞ்சி வீங்கி, மூச்சு நின்னு, மூணு நாள் ஐசியூவுல கிடந்தேனே! இது வேற மருந்துன்னு மாப்பிள்ளை சொன்னாரே. ஃபாரத்துலயும் எழுதிட்டேன்னாரே!"

டாக்டரம்மா ஃபாரத்தைப் பிரித்தார்.

'முன்பு ஒவ்வாமை உண்டா?'

'இல்லை.'

கீழே கோணல்மாணலாக ஒரு கையெழுத்து.

"படிச்சுப் பாத்துத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"கண்ணுல மருந்தை ஊத்திட்டுப் படின்னா எப்படிம்மா படிக்கறது?"

பழைய டாக்டரம்மாவாக இருந்தால் எதிரில் உட்கார்ந்து நாலு கேள்வி கேட்டிருப்பார். அது அவருக்கே உறைத்தது.

டோக்கன் அக்கா கேட்டாள். "ஐயா, உங்க பொண்ணு எங்க?"

பெரியவருக்குக் குரல் உடைந்தது. "ரெண்டு நாளா போனையே எடுக்கல. அவளைப் போட்டு அடிக்கிறான்மா. நாளைக்குப் போய் அவளைக் கூட்டிட்டு வந்து, போலீஸ்ல புகார் குடுக்கறதா இருந்தேன். அவனுக்குத் தெரியாதுன்னு நெனச்சு, சந்தேகம் வராம இருக்கத்தான் இன்னிக்கு அவன் கூடவே வந்தேன்..."

"தெரிஞ்சிருக்கு" என்றாள் டோக்கன் அக்கா.

நேரே மேஜைக்கு வந்தாள். பின்னாலேயே டாக்டரம்மா. பேஷன்ட்கள் உட்காரும் ஹாலுக்கு அவர் வந்து இரண்டு மாதமாகிறது. அதுவும் வகுப்பில் தடை செய்யப்பட்டதுதான்.

அவரைக் கண்டதும் மாப்பிள்ளை விருட்டென்று எழுந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டு வாசலுக்கு நடந்தார். கண்ணாடிக் கதவைத் தள்ளினார்.

திறக்கவில்லை.

தள்ளின வேகத்தில் மாஸ்க் நழுவியது.

டாக்டரம்மா கல்லாய் நின்றார்.

"சார்... நீங்களா?"

"யாரு டாக்டர் இது?"

"எனக்கு வகுப்பு எடுத்தாரே... அந்த ட்ரெய்னர்!"

டோக்கன் அக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. சொட்டு மருந்தை முதலில் விடச் சொன்னவன். ஃபாரத்தைக் கூட வந்தவன் கையில் கொடுக்கச் சொன்னவன். பேஷன்ட்டிடம் பேசாதே என்று இவள் வாயைக் கட்டினவன். ஒரு கொலைக்குத் தேவையான அத்தனையையும் பாடமாகவே நடத்தி முடித்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வந்திருக்கிறான்!

அவன் சிரிக்க முயன்றான். "டாக்டர், ஊசி இன்னும் போடவே இல்லையே. ஃபாரத்துல கையெழுத்து அவரோடது. இதுல என் மேல என்ன குத்தம்?"

"குத்தம் இதுல இருக்கும்" என்றாள் டோக்கன் அக்கா. அவன் கக்கத்திலிருந்த மாமனாரின் மருத்துவ ஃபைலை வெடுக்கென்று உருவினாள். பிரித்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஐசியூ சீட்டு. அதே மருந்தின் பெயர். பக்கத்தில் சிவப்பு மையில், 'இனி இவருக்கு இந்த ஊசி போடக் கூடாது.'

"கதவைத் திறடி!"

மேஜைக்கு அவன் பாய்வதற்குள் தையல்காரரின் மனைவி எழுந்து அவன் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்தாள். முப்பது வருஷக் கோபம் அந்தப் பிடியில் இருந்தது!

"அவசரப்படாதீங்க சார்," டோக்கன் அக்கா மேஜைக்குத் திரும்பி, ஸ்விட்சின் மேல் கையை வைத்தபடி சொன்னாள். "வந்தவங்க பாதியில எழுந்து போகக் கூடாதுன்னு இந்தக் கதவை வைக்கச் சொன்னதே நீங்கதானே?"

பதினொன்று ஐம்பதுக்குப் போலீஸ் வந்தது.

பன்னிரண்டரைக்கு இன்னொரு போன் வந்தது. மகளை அடைத்து வைத்திருந்த அறையின் பூட்டைப் போலீசார் உடைத்துவிட்டார்கள். காண்ட்ராக்டர் ரிசீவரைக் காதில் வைத்து, "அம்மாடி... உசிரோட இருக்கேண்டா..." என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதார். டோக்கன் அக்காவும் அழுதாள். தையல்காரர்கூட மூக்கை உறிஞ்சினார்.

டாக்டரம்மா நீல ஃபைலைக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"டாக்டர்... என் வேலை?"

"இனிமே ஒவ்வொரு பேஷன்ட்டுகிட்டயும் பத்து நிமிஷம் பேசணும். நானும் பேசுவேன். அதான் உங்க வேலை."

இன்ஸ்பெக்டர் தொப்பியை மாட்டிக்கொண்டார்.

"நீங்கதாம்மா முக்கிய சாட்சி. ஸ்டேட்மென்ட் எழுதணும். நாளைக்குக் காலையில கரெக்டா பதினொன்றரைக்கு ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

டோக்கன் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"வந்துடறேன் சார்... ஆனா நீங்க சொல்றது கார்டு பதினொன்றரையா, கம்ப்யூட்டர் பதினொன்றரையா?"